அவசரத்துக்கு

படிவத்தின் நான்காம் கட்டம் கேட்டது:
அவசரத்துக்கு யாரை அழைப்பது?
எனக்கு மனப்பாடமாய் இருந்த ஒரே எண்
இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
எனக்கு முன்னால் எழுதிவிட்டுப் போனவளின்
பெயரையும் எண்ணையும் பார்த்து அப்படியே எழுதினேன்.
ஹுய் ஷான். பச்சை பூட்ஸ்.
அவ்வளவுதான் தெரியும்.

புக்கிட் கியாரா. டிசம்பர். காலை ஏழரை.
குளிர்காலம் என்று ஒன்று இங்கே கிடையாது.
மூன்று மணி மழைக்குள்
முடித்துவிட வேண்டும். அதுதான் பருவம்.

சுல்ஹெல்மி ஒரு கொடியை உயர்த்திக் காட்டினார்:
செலாபுட் துங்குல்.
அடிமரம்போர்த்தி, என்று
எனக்குள் தமிழாக்கிக்கொண்டேன்.
நெஞ்சு வடிவில் இலை,
யாருக்கும் கெடுதல் நினைக்காத முகம்.
வெட்டினால் போதாது, என்றார்.
ஒவ்வொரு கணுவும் ஒரு செடி.
விரல் நீளத் துண்டுகூடக் கீழே விழக் கூடாது.
பிடுங்கு, சுருட்டு, சாக்கில் போடு.

பிடுங்கினோம்.
இழுத்தால் ஐந்தடி வந்தது, பிறகு பத்தடி,
பிறகு மேலிருந்து காட்டின் ஒரு முழத் துணியே
எறும்போடு தலையில் விழுந்தது.
கையுறை ஒரு அளவு சின்னது.
அட்டை கணுக்காலில் குடித்து முடித்து
விழுந்த பிறகுதான் தெரிந்தது.

அடியில் ஒரு மெராந்திக் கன்று.
வெளிச்சம் பார்க்காத மஞ்சள்.
சுமை எடுத்த பின்னும் அது நிமிரவில்லை.
இன்னும் தூக்கிக்கொண்டிருப்பது போலவே
குனிந்து நின்றது.
நிமிர்த்திவிடக் கை போனது.
வேண்டாம், என்றார் சுல்ஹெல்மி,
ஒடிந்துவிடும்.

சரிவில் பழைய கித்தா மரங்கள்,
பட்டையில் சீவிய தழும்பு ஆறாமல்.
அதே கண்டத்திலிருந்து
அந்தக் கொடியைப் போலவே கப்பலேறி வந்தவை.
இதை எப்போது வெட்டுவீர்கள்? என்றான் ஒரு கல்லூரிப் பையன்.
வெட்டுவதில்லை.
ஏன்?
நிழல் தருகிறதே.
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்க ஒன்றுமில்லைதான்.
மரத்தில் முதுகைச் சாய்த்துக்
கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தேன்.

பசியாறும்போது நாசி லெமாக் பொட்டலத்தோடு
பச்சை பூட்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
உங்கள் அவசரம் நான்தானாம், பெயர்ப்பட்டியலில் பார்த்தேன்,
என்றாள் மலாயில்.
நெத்திலி தொண்டையில் நின்றது.
தப்பில்லை, என்றாள்,
ஆனால் நான் போனை எடுக்க மாட்டேன்,
செய்தி அனுப்புங்கள்.

எழுபத்தெட்டுச் சாக்கு.
இரண்டே முக்காலுக்கே மழை பிடித்துக்கொண்டது.
திரும்பிப் பார்த்தால்
சுத்தம் செய்த இடம்
ஒரு பாய் விரிக்கிற அளவு.

சேறான காற்சட்டையை
பால்கனியில் உதறிப் போட்டேன்.
டிசம்பரில் எது காய்ந்தது?
ஒன்பதாம் நாள் துணி எடுக்கப் போனால்
சாக்கடை மூடியின் ஓட்டைக்குள்ளிருந்து
இரண்டு இலை.
பிடித்து இழுத்தேன், இலை மட்டும் வந்தது.
கீழே வெள்ளையாய்
நூல் போல வேர், குழாய்க்குள் இறங்கி
எங்கே போகிறதோ.

படம் எடுத்து அனுப்பினேன்:
இது அவசரமா?

இரவு பத்தே முக்காலுக்குப் பதில் வந்தது:
எத்தனையாவது மாடி?

பதினான்கு, என்று எழுதிவிட்டு
கூடத்து விளக்கைப் போட்டேன்.