கோடிட்ட இடத்தை நிரப்புக

வயோமிங்கில் பனி சாலையை மூடிவிட்டது.
லாரிக்காரர்களின் உணவகத்தில் இது மூன்றாவது மணி நேரம்.
ஒன்பது வயது டெல்ஃபீன்
மேசை மேசையாகப் போய்ச் சொல் வசூலிக்கிறாள்,
கதைத்தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி.

ஒரு பெயர்ச்சொல்?
துடைப்பம், என்றாள் காபி ஊற்றுகிற மார்வா.
உடம்பில் ஓர் உறுப்பு?
முழங்கை. கழிவறை வரிசையிலிருந்து யாரோ.
ஓர் எண்?
நாலரை. அரை செல்லுமா?
செல்லும்.

ஜன்னலோரம், ஆடு ஏற்றிவந்த கிளெட்டஸ்.
ஆள் பெயர் ஒன்று, சீக்கிரம்.
கோப்பைக்குள் பார்த்தார்.
"ரோவீனா."
வினைச்சொல்?
"திரும்பி வா."
அது ரெண்டு சொல், என்றவள்
போனால் போகிறதென்று எழுதிக்கொண்டாள்.

பிறகு நாற்காலிமேல் ஏறி வாசித்தாள்:
நாலரை துடைப்பங்களைக் கல்யாணம் செய்துகொண்ட
மகாராணி ரோவீனா
முழங்கையில் கிரீடம் மாட்டி
நிலாவுக்குப் போனாள்.
அங்கே சீஸ் தீர்ந்துபோயிருந்ததால்
செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தாள்.

கூடமே சிரித்தது.
பனி வாரும் வண்டிக்காரர்
காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.
கிளெட்டஸும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

வெளியே வண்டியில் ஆடுகள் கத்தின.
எழுந்து தொப்பியை மாட்டியவர்
கதவருகே நின்று கேட்டார்:
"எந்தச் செவ்வாய்?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
போட்டிருக்கவில்லை.