வெள்ளோட்டம்

தராசு ஐந்து புள்ளி மூன்று ஒன்று என்றது.
இருபது என்றிருக்க வேண்டும்.
திராஹோமிரா காசை எடுத்தாள்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.
ஐந்து புள்ளி மூன்று ஒன்று.

க்ரெம்னிட்சாவில் அன்று ஈரப்பனி.
அருங்காட்சியகத்தின் பின்னறை, கணப்பு சரியாக எரியவில்லை.
எதிரே தொப்பியைக் கழற்றாத விராட்கோ:
"அப்பாவின் வீட்டைக் காலி செய்தோம்.
சமையலறை மேசையின் ஒரு காலுக்கடியில் கிடந்தது.
மேசை ஆடாமலிருக்க அவர்தான் வைத்தார்.
முப்பது வருஷம்
இதன்மேல் உட்கார்ந்த மேசையில்தான் சூப் குடித்தோம்."

மலை ரயில்பாதைக்கு நூறு வயதான நினைவாக
அடித்த ஐம்பது கொருனா.
வெள்ளியில் மட்டும் வந்தது, இருபதாயிரம்.
இது அலுமினியம்.
சுண்டினால் 'ணங்' இல்லை,
தூக்குச்சட்டி மூடி விழுந்தது போல 'டக்'.
விளிம்பில் வரி இல்லை.
சுரங்க வாயிலின் மேல்
மேசைக்கால் அழுத்திய வட்டப் பள்ளம்.

ஒருவேளை,
வெள்ளியை வீணாக்க மனமில்லாமல்
புது அச்சு எவ்வளவு ஆழம் போகிறதென்று பார்க்க
மலிவுத் தகட்டில் ஒரு தட்டு.
அப்படியானால் இது வெள்ளோட்டம்,
வெள்ளி ஓடாத வெள்ளோட்டம்.

ஒருவேளை, வேறொரு நாட்டுக்குச் சில்லறை அடித்தபோது
தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்ட ஒற்றைத் தகடு.
இல்லை. இவ்வளவு அகலச் சில்லறை
எந்த நாட்டுக்காரன் பையிலும் அடங்காது.

ஒருவேளை, இரவு ஷிப்டில்,
எந்திரம் சரிபார்க்கும் ஒருவர்
மேற்பார்வையாளர் சிகரெட்டுக்கு வெளியே போன நேரம்
தனக்கென்று ஒன்று.
இந்த ஒருவேளையை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.
எதிரே இருப்பவன் மகன்.

பூதக்கண்ணாடியில் எஞ்சின் வந்தது.
புகை, கொதிகலன், சக்கரங்கள்.
எண்ணினாள். ஐந்து.
இழுப்பறையிலிருந்து வெள்ளிக்காசை எடுத்து
அதையும் எண்ணினாள். நான்கு.

மற்றதெல்லாம் அச்சு அசல்.
ஒரு சக்கரம்தான் வழியில் எங்கோ கழன்றிருக்கிறது.

ஆக, சோதனையில் பிழை, வெள்ளியில் திருத்தம்.
உலகம் நடக்கும் வழி அதுதானே என்று
பேனாவைத் திறந்துவிட்டாள்.

காசு என்ற சொல்லுக்குக்
குற்றம் என்றும் ஒரு பொருள் தமிழில் உண்டு.
அவளுக்கு அது தெரிய நியாயமில்லை.
ஆனாலும் ஏதோ ஒன்று கையைப் பிடித்தது.
எழுந்து போய்
மேல் அலமாரியில் கண்ணாடித் தகட்டுப் படத்தைத் தேடினாள்.
முதல் நாள், முதல் வண்டி,
மாலை போட்ட எஞ்சின்,
அதன் முன் வெயிலில் முகம் சுளித்த பதினோரு ஆண்கள்.
அவர்களின் கால்களுக்கு நடுவே எண்ணுவது கஷ்டம்.
விளக்கருகே கொண்டுபோய் எண்ணினாள்.

ஐந்து.

இருபதாயிரம் வெள்ளிகள் தப்பு.
செல்லாக்காசு ஒன்று சரி.

எந்தக் குழுவில், எந்த மேசையில்,
"ஐந்து நெருக்கமாயிருக்கிறது, ஒன்றை எடு" என்று
யார் சொன்னார்களோ.
அச்சை இழைத்தவன் வாதாடினானோ, தலையாட்டினானோ.
பழைய அச்சை உருக்குமுன்
ஒரே ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொண்டவர்
அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாம்,
விற்றிருக்கலாம்.
மேசைக்கடியில் வைத்தார்.
ஒளித்தாரா,
மேசை ஆடியதாலா?

"அப்பா ரயிலைப் பற்றி ஏதாவது சொல்வாரா?"
"ரயிலா? அவருக்கு பஸ்தான் பிடிக்கும்."

விராட்கோ விலை கேட்டான்.
அவள் எடையைச் சொன்னாள்.

பதிவேட்டில் பேனாவை மூடிவைத்துவிட்டுப்
பென்சிலால் எழுதினாள்:
உலோகம், அலுமினியம். சக்கரம், ஐந்து.
காரணம் என்ற கட்டத்தில்
பென்சில் முனை சற்று நேரம் நின்று
ஒரு புள்ளி மட்டும் வைத்தது.

காகித உறையில் காசைப் போட்டுத் தந்தபோது
அவன் வாங்கிக்கொள்ளவில்லை.
"இங்கேயே இருக்கட்டும்.
மேசைக்கு அட்டையை மடித்து வைத்துவிட்டேன்.
லேசாக ஆடுகிறது,
பரவாயில்லை."