ஆணியின் வெளிப்பக்கம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்தான் எழுதினேன்:
"இரண்டு கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால்
இவனால் பின்பற்ற இயலாது."
கீழே என் கையெழுத்து, அலுவலக முத்திரை.

இன்று ஹார்டாங்கர் கடற்கழியின் ஓரம்
பாதிப் பலகை ஏறிய படகுக்கு வெளியே
முழங்காலிட்டிருக்கிறேன்.
சோதனைத் தாள்கள் பையில்.
நொடி எண்ணும் கடிகாரம் கோட்டுப் பாக்கெட்டில்.
குன்வோருக்குக் காய்ச்சல், ஓர் ஆள் குறைகிறது.
"நீங்க பிடிங்க" என்று
இரும்புக் கட்டியைக் கையில் திணித்தான் தோர்யுஸ்.
"ஆணித் தலைமேல அழுத்தணும்.
உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டினா அழுத்துங்க.
ரெண்டு தட்டினா அடுத்த ஆணிக்குப் போங்க."

உள்ளே போய்விட்டான்.
எங்களுக்கு நடுவே லார்ச் பலகை, தார் வாசனை.
அவன் முகம் எனக்குத் தெரியாது,
என் முகம் அவனுக்கு.

ஒரு தட்டு.
நான் நகர்ந்துவிட்டேன்.

செப்பாணி பிதுங்கிக்கொண்டு வந்து
சரளையில் விழுந்தது.
உள்ளே சத்தமில்லை.
கோப்பில் இருக்கும் நாற்காலி நினைவுக்கு வந்தது,
உடைந்த சன்னல்,
ஏழாம் வகுப்பின் அந்த மார்ச் மாதம்.
கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டேன்.

சுற்றி வந்தான். குனிந்து ஆணியைத் தேடினான்.
என் புறங்கையில் விரலால் ஒருமுறை தட்டினான்,
பொறுத்து, இருமுறை.
"முதல் நாள் நான் வளைச்சது எல்லாம்
அந்த டப்பாவுல இருக்கு" என்றான்.
பெரிய டப்பா.

பிறகு தட்டினான், அழுத்தினேன்.
தகரம்போலக் கிணுகிணுத்த அடி
மெல்ல மெல்லத் தடித்து
கல்லில் விழுவதுபோல் ஆனதும் நிறுத்தினான்.
அந்த மாற்றம் எனக்குக் கேட்க
ஒன்பது ஆணிகள் ஆயின.

பேருந்து அட்டவணை இன்னும் அவனுக்கு
எறும்புப் புற்றுதான். ஓட்டுநருக்கு அவனைத் தெரியும்.
பலகைகளில் எழுதிய எண்களை
ஆறா ஒன்பதா என்று என்னிடமே கேட்டான்,
வெட்கமில்லாமல்.
அது புதிது. அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

கட்டம் ஒன்று இருக்கிறது:
"கவனம் நீடிக்கும் நேரம்: ____ நிமிடங்கள்."
வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.
கடிகாரத்தை நான் அழுத்தவேயில்லை,
கை இரும்பில் இருந்தது.
முழங்கால் மரத்துவிட்டது, எழுந்துவிடலாமா என்று
வாய் திறக்கப் போனேன்.

இரண்டு தட்டு.