விற்பனைக்கல்ல

மல்லாவிச் சந்தியில்
பவளராணி அக்காவின் கடைக் குளிர்ப்பெட்டிக்குள்
சோடாப் போத்தல்களுக்கும் யோகட்டுக்கும் நடுவில்
என் பால் நிற்கிறது.
ஆறு சின்னப் போத்தல். திகதி. நேரம்.
முன்னால் அக்கா எழுதி ஒட்டின மட்டை:
இது விற்பனைக்கல்ல.
அதற்குக் கீழே, யாரோ கேட்டிருக்க வேணும்,
சிவப்புப் பேனையால்:
தயிரும் இல்லை.

மகளுக்கு மேலண்ணம் இல்லை.
இருக்கிறது, நடுவில் பிளந்து இருக்கிறது.
சொண்டு முழுசு. பார்க்கிற ஆட்களுக்குத் தெரியாது.
வாய் வைப்பாள், இழுப்பாள்,
காற்றுத்தான் வரும்.
ஓட்டை ஸ்ட்ரோவால் சர்பத் குடிக்கிற மாதிரி என்று
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தாதி விளங்கப்படுத்தினா.
நல்லாய் விளங்கினது. சிரித்தும் விட்டேன்.
பிறகு கழிப்பறைக்குள் போய்
தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் வெட்டித் தைக்கலாமாம்,
பத்து மாதம் கழிய.
இன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள்.

கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பின மெசின்
முதல் நாளே எங்கள் கரண்டைக் குடித்துச் செத்தது.
உழவு மெசின் திருத்துகிற சேந்தன்
அதைக் கழற்றி, மணந்து பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் திரும்பப் பூட்டினார்.
அடுத்த நாள் வவுனியாவில் போய்
கைப்பம்ப் ஒன்று வாங்கிவந்தார்.

அமத்து, விடு.
அமத்து, விடு.
இடது இருபது நிமிடம், வலது இருபது,
நாளுக்கு எட்டுத் தரம்.
பெருவிரல் அடியில் ஒரு காய்ப்பு விழுந்திருக்கிறது,
மண்வெட்டி பிடித்துப் பழகாத கையில்.

பள்ளிக்கூடத்துக் குழாய்க்கிணறும் இப்படித்தான்,
மேலால் ஒரு வாளி வார்த்தால்தான்
கீழிருந்து தரும்.
நான் அவளைச் சுற்றியிருந்த துணியை
மூக்கில் வைப்பேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஊசி ஊசியாய்க் குத்தி
ஒரு துளி, இரண்டு,
பிறகு சீறும்.

சில சாமம் வயல்பக்கம் யானைவெடி கேட்கும்.
அந்தச் சத்தத்தோடு எல்லாம் நின்றுவிடும்.
யானைக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.
மார்புக்குத் தெரியாது.
பதின்மூன்று வயதில் கேட்டுப் பழகினதை
அது இன்னும் வைத்திருக்கிறது.
துணியை மணந்து மணந்து
முதலிலிருந்து தொடங்க வேணும்.

பார்க்க வருகிறவர்கள்
"கிட்டப் போட்டுக் குடுக்கலாம்தானே" என்கிறார்கள்.
கொண்டுவந்த பால்மாப் பெட்டியை
மேசையில் வைத்துவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

நேற்று கிளினிக் போய் வரும்போது
மாங்குளத்தில், பஸ்ஸுக்குள்,
யாருடையதோ பிள்ளை வீரிட்டது.
என் சட்டை நனைந்து போனது.
அமத்தாமல், மணக்காமல், கேட்காமல்,
முகம்கூடத் தெரியாத ஒரு பிள்ளைக்கு.
மடியில் கிடந்த என்னுடையவள் நித்திரை.
கைப்பையால் மறைத்துக்கொண்டு
எனக்கு வந்தது கோபம்.
அறுபது மில்லி போயிருக்கும்.

இப்போது இரண்டே முக்கால்.
சேந்தன் அவளை நிமிர்த்திப் பிடித்து
மெத்தென்ற போத்தலைத் துளித்துளியாய் அமத்துகிறார்.
மூக்கால் வந்தால் துடைத்து, பொறுத்து, மீண்டும்.
அவள் கண் வெட்டாமல் பார்க்கிறாள்
அவரை.
குடிக்கும்போது அவள் பார்க்கிற முகம்
அவருடையது.
நான் சுவரோடு சாய்ந்து
அடுத்த நேரத்துக்கு அமத்துகிறேன்.
இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

முடிந்ததும் அவளைத் தருவார்.
ஒட்டக் கறந்த வெறும் மார்பில் போடுவேன்,
பசிக்கு அல்ல.
அவள் இழுப்பாள். காற்றுத்தான்.
ஆனாலும் விடமாட்டாள்,
நித்திரையிலும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

விடிய ஆறரைக்கு அக்கா கடை திறப்பா.
மூன்று போத்தல் கொண்டுபோக வேணும்.
மட்டையில் ஈரம் பட்டு
"அல்ல" அழிந்துபோய்க் கிடக்கிறது.
புதிதாக ஒன்று எழுதச் சொல்ல வேணும்.