நாற்பத்தொன்றாம் வரிசை

ஜூலையில் மொகோட்லோங் மலைமேல் பனி விழும்.
பிரசவ அறையின் கணப்பு
பாதி ராத்திரியில் சோர்ந்துபோகும்.
அதனால்தான் ஊசியெடுத்தேன்.
ஆட்டுரோமத் தொப்பிகள், முப்பத்திரண்டு;
பணி முடிந்து, பேருந்தில், ஒருமுறை தேவாலயத்தில்கூட.
பருத்தித் தொப்பி முப்பத்திரண்டு
மசேருவிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தது.

எந்தத் தலைக்கு எது என்பதை
ஒட்டி மூடிய உறைகள் சொல்லும், நானல்ல.
ஒவ்வொன்றைக் கிழிக்கும்போதும்
'ரோமம்' என்றிருக்கட்டும் என
விரல் வேண்டிக்கொண்டது.
அது விரலின் குற்றம்.

"வித்தியாசமே இல்லை என்று தொடங்குங்கள்"
என்றாள் புள்ளியியல் பார்க்கும் டினேயோ,
என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
"இரண்டும் ஒன்றே என்று சாதியுங்கள்.
தரவு வந்து உங்கள் வாயை அடைத்தால்
அப்போது நம்பலாம்."
நான் பின்னியதை நானே
ஒன்றுமில்லை என்பதா?
கையெழுத்துப் போட்டேன்,
முதல் குழந்தை பிறப்பதற்கு முன்பே.

எங்கள் ஊரில் மருமகள் வந்த அன்றே
பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.
மாலெஃபா: லெஃபாவின் அம்மா.
லெஃபா அப்போது எங்கே?
பாட்டன் பெயர் அது, ஆண் பெயர்.
பெண் வந்து பிறந்தாள்.
பெயரை யாரும் மாற்றவில்லை.

அவள்தான் நாற்பத்தொன்று.
ரோமத் தொப்பி.
அன்று ஆலங்கட்டி ஜன்னலை உடைத்தது;
அட்டை வைத்து அடைத்தோம், அட்டை நனைந்தது.
ஒரு மணி நேரம் கழித்து முப்பத்தைந்து புள்ளி ஒன்று.
அளவு நோட்டை எறிந்துவிட்டு
அம்மாவின் மார்போடு அவளைக் கட்டினேன்.
விடிவதற்குள் உடம்பு சூடேறிவிட்டது.
எண் மட்டும் நோட்டில் குளிர்ந்தே கிடந்தது.

கணக்கு முடிந்தது.
பி மதிப்பு பூஜ்யம் புள்ளி ஒன்று ஏழு.
தொப்பிகள் சமமே என்றாலும்
இவ்வளவு இடைவெளி, இதற்கு மேலும்,
நூற்றுக்குப் பதினேழு முறை
தற்செயலே கொண்டுவந்து போடும்.

தனியே இருந்தபோது
நாற்பத்தொன்றாம் வரிசையை மறைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.
எழுந்து நின்றுவிட்டேன்.
ஜன்னல் உடைந்தது உண்மைதானே,
யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் உடையும் ஜன்னல்கள்தானே
எங்கள் ஆஸ்பத்திரி.
பருத்தித் தலை ஒன்று அங்கே கிடந்திருந்தால்
நீக்க மனம் வந்திருக்குமா?
வரிசையைத் திரும்பத் திறந்தேன்.

இப்படி எழுதினேன்:
ரோமம் மேல் என்று காட்ட முடியவில்லை.
இரண்டும் சமம் என்றும் காட்ட முடியவில்லை.
இரண்டாம் வரியைத் தலைமைச் செவிலி அடித்தார்;
மறுபடி எழுதினேன்.
நிச்சயமாய்ச் சொல்ல
பக்கத்துக்கு நூற்று நாற்பது குழந்தை வேண்டும்
என்கிறாள் டினேயோ.
நூற்று நாற்பது தொப்பி.
ரோமத்தின் விலை தெரியுமா அவளுக்கு?

அக்டோபரில் லெஃபா தடுப்பூசிக்கு வந்தாள்,
மட்டக்குதிரையில், அம்மாவின் முதுகில்.
தலையில் ஒன்றுமில்லை, வியர்வை.
தொப்பி எங்கே என்றேன்.
நாய்க்குட்டி தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.
நன்றாக உறங்குகிறதாம் அதன்மேல்.