அங்கே துவைப்பதில்லை

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு
வெங்கமேட்டில் டென்னிஸ் பால் மேட்ச்.
கடைசிப் பந்து, மூணு ரன்.
ஓவர்லாக் பொங்கியண்ணன் தூக்கி அடித்தான்.
லைட் கம்பத்தையும் தாண்டி ஏறியது.
லாங் ஆனில் நான் அண்ணாந்தேன்.

பந்துக்கு மேலே இன்னொன்று,
மினுக்காமல், சத்தமில்லாமல்,
அவிநாசிப் பக்கமிருந்து
காங்கேயம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பந்து காலடியில் குத்தி ஃபோர்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"
கேப்டன் கார்வேந்தன் தொப்பியை வீசினார்.
"ஸ்பேஸ் ஸ்டேஷனுங்க."
"அதுல ஆளுக இருக்குதா?"
"ஏழு பேருங்க."

தோற்றவர்களும் ஜெயித்தவர்களும்
மேலேயே பார்த்தார்கள்.
"துணிமணியெல்லாம் எப்படித் தொவைப்பாங்க?"
யாரோ கேட்டது.
போனில் தேடிச் சொன்னேன்:
தண்ணி பத்தாது. துவைப்பதில்லை.
அழுக்கேறினால் குப்பையோடு கட்டி
கீழே தள்ளிவிடுவார்கள்.
வரும் வழியில் காற்றிலேயே எரிந்துவிடும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
எல்லார் மண்டையிலும் கணக்கு.
ஆளுக்கு மாசம் எத்தனை பீஸ்?
"ஆர்டர் சின்னதுதான்,
ஆனா நிக்காம வருமுங்க."
"ரிஜெக்ட்டுன்னு திருப்பி அனுப்ப மாட்டான் பாரு!"
பொங்கியண்ணன் சிரித்த சிரிப்பில்
நாய் எழுந்து போனது.

ரூமுக்குத் திரும்பும்போது
நொய்யல் பாலத்துக்கு மேலே
ஒரு கோடு கிழித்து அணைந்தது.
கல்லாகத்தான் இருக்கும்.
பதினோரு வருசமாய்
செக்கிங் டேபிளில் நிற்கிற கண்,
என்ன செய்ய?
தையல் எங்காவது விட்டிருக்கிறதா என்று
பார்த்துவிட்டுத்தான் நடந்தேன்.