விளக்குப் போடும் வேலை

ஏழு மணிக்கு லிஃப்டில் ஏறுகிறேன்.
கையில் இருபத்திரண்டு சாவி,
பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கட்டுவதுபோல்
ஒவ்வொன்றிலும் எண் எழுதிய நாடா.

கட்டடத்துக்கு ஹீவியா ரெசிடென்ஸ் என்று பெயர்.
அப்படியென்றால் என்னவென்று கேட்ட ஒரே ஆள்
குழாய் பொருத்த வந்த பங்களாதேஷ்காரர்.
பால்மரம் என்றேன்.
எங்கே என்றார்.
பெயர்ப்பலகையில் என்றேன்.

விற்பனை தொடங்கிய அன்று, கதவு திறக்குமுன்,
மாதிரிக் கட்டடத்தில்
நாற்பது சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார் மேனேஜர் லிம்.
பொட்டு வைத்தால் விற்றுவிட்டது என்று பொருள்.
எந்தெந்த வீட்டுக்கு?
'உனக்குப் பிடித்த வீட்டுக்கு.'
கிழக்கு பார்த்து, கோயில் ஒலிபெருக்கிக்கு எட்டாமல்,
நானே வாங்கப்போவதுபோல் தேடித்தேடி ஒட்டினேன்.
பத்து மணிக்குள் சதுர அடி
நானூற்று இருபதிலிருந்து நானூற்று அறுபதுக்கு ஏறியது.
அன்றைக்குச் சந்தை என்பது
என் கட்டைவிரல்.

இந்தக் கட்டடத்தில் நாலாம் மாடி கிடையாது, 3ஏ.
பதினாலும் கிடையாது, 13ஏ.
13ஏ-வில் ஏழாம் வீட்டை அழகுவேல் வாங்கினார்,
செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்,
முப்பத்தைந்து வருடக் கடனில்.
'மின்சார ரயில் வருமாமே?' என்றார்.
வரும் என்றேன்.
வந்தது.
நிற்காமல் போகிறது.

பழைய கடைவரிசையில் முகப்பை மட்டும் விட்டுவைத்தார்கள்,
நெற்றியில் சாந்தால் எழுதிய வருடத்தோடு.
அதன் முதுகில் மூன்று மாடிக்குக் கார் நிறுத்துமிடம்.
அடகுக்கடைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால்
ஒரு மைவியின் பின்பக்கம்.
கீழே கோப்பி ஆறு வெள்ளிக்குப் போனபோது
டவுன் எழுந்துவிட்டது என்றார்கள்.
மூன்று வெள்ளிக்குத் திரும்பியபோது
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் ஏர்கோன் இலவசம்.
அப்புறம் திரைச்சீலை, வக்கீல் செலவு.
போன மாதம் ஒன்பதாம் மாடிக் கதவில்
லெலோங் தாள், நாலு மூலையும் ஒட்டி, கோணாமல்.
என்னைவிட நன்றாக ஒட்டத் தெரிந்த ஆள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அழகுவேல் போன் செய்வார்.
'ஆள் கெடச்சுதா?'
தவணை ஆயிரத்து எழுநூறு,
எண்ணூறு வாடகைக்கும் நாதியில்லை.
'ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போனாரு' என்பேன்.
நான்தான் அந்த ஒருத்தர்.

இருட்டு விலையைத் தின்றுவிடும் என்கிறார் லிம்.
அதனால்தான் இந்த வேலை:
வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஏழிலிருந்து பத்து வரை.
ஐந்தாம் மாடிப் பால்கனியில் ஒரு துண்டு தொங்கும்.
அதை அவர் சொல்லவில்லை,
நானாகப் போட்டது.
சில நாள் நனைத்தும் போடுவேன்.

இன்று செவ்வாய்.
13ஏ-வில் தரையில் உட்கார்ந்து மீ கோரேங் பிரிக்கிறேன்.
கீழே நெடுஞ்சாலையில் ஆலைக்குப் போகும் லோரிகள்.
ஒன்று மட்டும் ஓரம் கட்டி நிற்கிறது.
போன் அடிக்கிறது.

'வெளக்கு எரியுதே! ஆள் வந்தாச்சா?'

வாயில் மீ.
விழுங்க நேரமாகிறது.
ம், என்றேன்.

'யாரு, குடும்பமா?'
ஒரு பொம்பள.
'தனியாவா?'
தனியாத்தான்.

லோரி இன்னும் நிற்கிறது,
சிக்னல் விளக்கு துடிக்க.

'வாடகை ஒழுங்காக் குடுப்பாளா?'